வானத்திலும் ராஜாவா?

(ஆம்பூரில் தோல் தொழிலாளர்களும் சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



விண்வெளிக் கதைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். "சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் சந்திரனைப் பற்றிப் பேச வந்து விட்டார்களே!" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது எங்கள் காதிலும் விழுகிறது. சம்பளத்துக்கும் வரத்தான் போகிறோம். சந்திரனைச் சுற்றிக் கொண்டு வருவோம். கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள்.

விண்வெளி நாவல் படித்தவர்கள் நம்மில் சிலர்தான். ஆனால் விண்வெளிக் கதை ஒன்றைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. 1963 ஏப்ரல் 19ந் தேதி வெளிவந்த "கலை அரசி" என்ற படம்தான் அது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது, ஏ. காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக் கிரகத்து மனிதர்கள் பறக்கும் தட்டில் ஏறிப் பூமிக்கு வருவதைத் தமிழ்ச் சினிமா முதன் முதலில் காட்டியது அந்தப் படத்தில்தான்.

போன மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் அந்தப் படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தோம். வயதானவர்கள் பாட்டுக்குத் தலையாட்டினார்கள். இளைஞர்கள் தட்டு பறப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். படம் முடிந்ததும் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் ஒரு பெண் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரிண்ணா, அந்தத் தட்டை யாரு செஞ்சாங்க?"

கூட்டம் அமைதியாகி விட்டது. எங்களுக்கும் பதில் தெரியவில்லை. படத்திலே அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு.

படம் எங்கே ஏமாற்றியது?

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். வேறொரு கிரகத்தில் விஞ்ஞானம் வெகுதூரம் வளர்ந்து விட்டது. ஆனால் அங்கே கலை இல்லை. ஆகவே பூமியிலிருந்து சிறந்த கலைஞர் ஒருவரைத் தூக்கிக் கொண்டு போக ஆள் வருகிறான். நம்பியார்தான் அந்த ஆள். அவன் கண்ணில் படுகிறாள் வாணி என்ற பாடகி. அவளைத் தட்டில் ஏற்றிக் கொண்டு போய் விடுகிறான். அவளைக் காதலிக்கும் விவசாயி மோகன் பின்தொடர்ந்து அந்தக் கிரகத்துக்கே போகிறான். அங்கே தன்னைப் போலவே முகமுள்ள ஒரு கோமாளியின் வேஷத்தில் உலவுகிறான். கடைசியில் காதலியை மீட்டுக் கொண்டு வருகிறான்.

நல்லதை முதலில் சொல்லி விடுவோம். ககாரின் விண்ணில் பறந்தது 1961 ஏப்ரல் 12ந் தேதி. இரண்டே வருஷத்தில் தமிழிலே விண்வெளியைப் பற்றி ஒரு படம் எடுக்கத் துணிந்தார்களே, அது லேசான காரியமல்ல. அதிலும் விண்ணுக்குப் போகிறவன் ஜமீன்தாருமல்ல, பட்டம் படித்த பிரபுவுமல்ல. ஏர் பிடிக்கிற ஒரு விவசாயி. இதைப் பார்த்து நாம் விசிலடித்ததில் தப்பே இல்லை.

ஆனால் அந்த விவசாயி அத்தனை தூரம் போய் என்ன கண்டான்? இங்கேதான் ஏமாற்றம் ஆரம்பமாகிறது.

அவன் கண்டது ஓர் அரண்மனை! அங்கே ஓர் இளவரசி. அவளுக்குப் பாட்டும் ஆட்டமும் கற்றுக் கொடுக்கத்தான் நம் வாணியைத் தூக்கி வந்திருக்கிறார்கள். அங்கே சிரிக்க வைக்க ஒரு கோமாளி. ஆகாயத்தைக் கிழித்துக் கொண்டு பறக்கும் வண்டியைச் செய்யத் தெரிந்த ஜனங்களுக்கு, ராஜ குடும்பம் இல்லாமல் வாழத் தெரியவில்லை! நம் நாட்டிலே ராஜாக்கள் கிரீடத்தைக் கழற்றி வைத்து விட்டார்கள்; 1971இல் அவர்களுக்குக் கொடுத்து வந்த மானியத்தையும் சட்டத் திருத்தம் போட்டு நிறுத்தி விட்டோம். ஆனால் கதாசிரியரின் மனத்திலே ராஜா இறங்கவே இல்லை. பூமியிலே இடமில்லை என்றதும், அவரைத் தூக்கி வானத்திலே குடி வைத்து விட்டார்கள்.

அடுத்தது, அந்தப் பெண். விண்ணுக்குப் போன தமிழ்ப் பெண் எப்படிப் போகிறாள்? கடத்தப்பட்டுப் போகிறாள். மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிக் கொண்டு போகிறார்கள். பின்னர் இன்னொருவன் வந்து மீட்டுக் கொண்டு வருகிறான். போகும்போதும் அவள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவதுதான் நம் சகோதரி கேட்ட கேள்வி. அந்தக் கிரகத்தில் உழைப்பவரைத் தேடிப் பார்த்தோம், காணவில்லை. அரண்மனையைக் கட்டியவர் யார்? அங்கே சோறு விளைவிப்பவர் யார்? அந்தப் பறக்கும் தட்டுக்கு இரும்பை உருக்கியவர், ஆணி அடித்தவர் யார்? ஒருவரும் இல்லை. விவசாயி ஒருவன் அங்கே போயிருக்கிறான். அங்குள்ள விவசாயியை அவன் பார்க்கவே இல்லை. "உங்கள் ஊரில் கூலி எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காதலியோடு திரும்பி வருகிறான். அந்தக் கிரகத்தைப் பற்றி ஊராருக்குச் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை.

"அது சினிமா, பொழுதுபோக்கு. அதில் போய் இதையெல்லாம் தேடுவதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு தோல் பூட்ஸாக மாறுவதற்குள் எத்தனை பேர் கை படுகிறது! உப்புத் தோலை லாரியிலிருந்து இறக்கியவர், சுண்ணாம்புத் தொட்டியில் முக்கியவர், முடியும் சதையும் நீக்கியவர், டிரம்மில் போட்டுச் சுழற்றியவர், காய வைத்தவர், சாயம் ஏற்றியவர், அச்சுப்படி வெட்டியவர், மெஷினில் உட்கார்ந்து மேல்தோல் தைத்தவர், அடி ஒட்டியவர், பெட்டியில் அடுக்கியவர். அந்தப் பூட்ஸ் கடல் கடந்து போய்க் கண்ணாடி அலமாரியில் உட்காரும்போது, அதன் மேல் கம்பெனிப் பெயர் மட்டும்தான் இருக்கும். கதையும் அதே வேலையைச் செய்தால், நம் பிள்ளைகள் என்ன கற்றுக் கொள்வார்கள்? "பெரிய காரியங்கள் தாமாக நடக்கும், நம் கை அதில் இல்லை" என்றுதானே கற்றுக் கொள்வார்கள்?

58 நாள் கழித்து...

தோழர்களே! படம் எடுத்தவர்களை மட்டும் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அதே 1963ம் வருஷத்தில் உண்மையாக நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம்.

"கலை அரசி" வெளிவந்து சரியாக 58 நாள் கழித்து, ஜூன் 16ந் தேதி, சோவியத் நாட்டிலிருந்து வோஸ்தோக்-6 என்ற கலம் கிளம்பியது. அதில் ஒரே ஒரு ஆள். வயது 26. பெயர் வலெந்தினா தெரஷ்கோவா. உலகத்தில் விண்ணுக்குப் போன முதல் பெண்.

அவர் யார்? அப்பா டிராக்டர் ஓட்டியவர். மகளுக்கு இரண்டு வயதிலேயே யுத்தத்தில் இறந்து போனார். அம்மா பஞ்சாலைத் தொழிலாளி. மகளும் முதலில் டயர் தொழிற்சாலைக்கும், பிறகு யாரோஸ்லாவ் நகரத்து நூற்பாலைக்கும் வேலைக்குப் போனார். வேலை பார்த்துக் கொண்டே தபால் மூலம் படித்தார். ஓய்வு நாளில் பாரசூட் கட்டிக் கொண்டு குதிக்கப் பழகினார். அந்த மில் தொழிலாளிதான் பூமியை 48 தடவை சுற்றினார். ஏறக்குறைய 71 மணி நேரம் விண்ணில் இருந்தார்.

அவருக்கு முன்னால் போன ககாரின் மட்டும் யார்? தச்சரின் மகன், வார்ப்படப் பட்டறையில் அச்சு வார்க்கும் தொழில் கற்றவர்.

நம் படத்தில் ஒரு பெண்ணை வானத்துக்குக் கடத்திக் கொண்டு போகிறார்கள். அதே கோடைகாலத்தில் ஒரு மில் பெண் தானே கலத்தில் உட்கார்ந்து வானத்துக்குப் போகிறார்! கற்பனை பின்னால் நிற்கிறது, உண்மை முன்னால் பறக்கிறது. விஞ்ஞானக் கதை என்றால் நாளைக்கு நடக்கப் போவதை இன்றைக்கே காட்ட வேண்டும். இந்தக் கதையோ 58 நாள் கழித்து நடக்கப் போவதைக் கூடக் கண்டு கொள்ளவில்லை.

நவம்பரில் நம் நாட்டிலேயே இன்னொன்று நடந்தது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்று ஒரு மீனவர் கிராமம். 1963 நவம்பர் 21ந் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட் மேலே போயிற்று. அது அமெரிக்காவிலிருந்து வந்த சிறு ராக்கெட்தான். அதற்கு நிலம் கொடுத்தவர்கள் யார்? மீனவக் குடும்பங்கள். குடியிருந்த இடத்தை விட்டு நகர்ந்தார்கள். வழிபட்டு வந்த மாதா கோயிலையும் விட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கோயில் கட்டிடத்தில்தான் நம் விஞ்ஞானிகள் வேலையை ஆரம்பித்தார்கள். ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக் கொண்டு போனார்கள். சைக்கிளும் மாதா கோயிலும் மீன் வலையும் சேர்ந்த அந்தக் காட்சியை எந்தக் கதாசிரியன் கற்பனை செய்தான்? அங்கே ராஜாவும் இல்லை, கோமாளியும் இல்லை.

பழைய நாவல்கள் சொன்னது

"தொழிலாளியை வைத்து விண்வெளிக் கதை எழுத முடியுமா? சுவையாக இருக்குமா?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு பழைய நாவல்களைக் காட்டுகிறோம். இரண்டுமே பொதுவுடைமைக்காரர்கள் எழுதியவை அல்ல.

1865இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன், பூமியிலிருந்து சந்திரனுக்குப் போகும் கதை ஒன்றை எழுதினார். பீரங்கியில் குண்டு வைத்துச் சுடுவது போல மனிதர்களைச் சந்திரனுக்குச் சுடுவதாகக் கதை. விஞ்ஞானம் தப்பு, அப்படிச் சுட்டால் உள்ளே இருப்பவன் நசுங்கிப் போவான். ஆனால் அந்தப் பீரங்கி எப்படி உண்டாயிற்று என்பதை அவர் விடவில்லை. 900 அடி ஆழத்துக்குக் குழி வெட்டுகிறார்கள். ஆட்கள் இரவு பகலாக மாறி மாறி வேலை செய்கிறார்கள். 1,200 உலைகளில் இரும்பு உருகி ஒரே நேரத்தில் குழிக்குள் பாய்கிறது. குழி வெட்டியும் உலை முன்னால் நின்றும் பழகியவர்கள் அந்த அத்தியாயங்களை மூச்சுப் பிடித்துக் கொண்டு படிப்பார்கள். "இதை யார் செய்தார்கள்?" என்று நம் சகோதரி வெர்னிடம் கேட்டிருந்தால், பாதிப் பதிலாவது கிடைத்திருக்கும்.

1901இல் இங்கிலாந்தின் எச்.ஜி. வெல்ஸ் சந்திரனுக்குப் போன முதல் மனிதர்களைப் பற்றி எழுதினார். அவருடைய சந்திரனிலும் ஒரு பேரரசன் உண்டு. அப்படியானால் இதுவும் அதே கதைதானா? இல்லை. வெல்ஸ் அந்த அரசனைக் காட்டி விட்டு நிற்கவில்லை. அவன் காலடியில் இருப்பவர்களையும் காட்டுகிறார். அங்கே ஒவ்வொரு பிறவியையும் குழந்தையிலேயே ஒரு வேலைக்கென்று வளைத்து வளர்க்கிறார்கள். ஜாடிக்குள் அடைத்து, கை மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி வைக்கிறார்கள். வளர்ந்ததும் அந்தக் கை மெஷின் ஓட்டும் கையாகி விடும். இன்ன குலத்தில் பிறந்தவனுக்கு இன்ன தொழில் என்று சொல்லி, தோல் தொடும் வேலையை ஒரு சாராரின் தலையில் கட்டிய நாட்டில் பிறந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை இல்லாத காலத்தில் அந்தத் தொழிலாளிகளை என்ன செய்கிறார்கள் தெரியுமா? மயக்க மருந்து கொடுத்துத் தரையில் வரிசையாகப் படுக்க வைத்து விடுகிறார்கள். ஆர்டர் வந்தால் எழுப்பிக் கொள்ளலாம். அதைப் பார்த்த பூலோக மனிதனுக்கு முதலில் மனம் பதறுகிறது. பிறகு யோசிக்கிறான்: வேலை இல்லாதவனைத் தெருவில் பட்டினியோடு அலைய விடும் நம் வழக்கத்தை விட, இது ஒருவேளை இரக்கமுள்ளதுதானோ?

சந்திரனைக் காட்டி, இங்கிலாந்தின் ஆலை வாசலைக் காட்டி விட்டார் வெல்ஸ்! அதுதான் நல்ல கதையின் லட்சணம். அங்கே போய்த் திரும்பினால், நம் ஊர் நமக்குப் புதிதாகத் தெரிய வேண்டும்.

ஏற்றுமதி ஆர்டர் நின்றால் "நாளைக்கு வர வேண்டாம்" என்று சொல்லப்பட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்! வேலை செய்யும் இடத்திலேயே படுத்துறங்கும் வெளிமாநிலத் தொழிலாளிகளையும் நாம் அறிவோம். 2015 ஜனவரி 31ந் தேதி விடியற்காலை, ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவு நீர்த் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக் கொண்டிருந்தவர்கள் மேல் கழிவுச் சேறு பாய்ந்து 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களும் எந்தக் கதையிலும் வராதவர்கள்தான். கதையில் வராதவனுடைய உயிர் கணக்கிலும் வராமல் போகிறது. அதனால்தான் இதைப் பொழுதுபோக்கு என்று நம்மால் ஒதுக்கி விட முடியவில்லை.

நம் மலை மேல் ஒரு கண்

வானம் எங்கோ இருக்கிறது, அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறோம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்கே 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து வேலையை ஆரம்பித்தார் விஞ்ஞானி வைணு பாப்பு. 1972இல் அன்றைய கிழக்கு ஜெர்மனியிலிருந்து, கார்ல் ஜெய்ஸ் ஆலைத் தொழிலாளிகள் செய்த 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. அந்த வருஷமே, வியாழனின் சந்திரன்களில் ஒன்றான கானிமீடில் மெல்லிய காற்று மண்டலம் இருப்பதற்குத் தடயம் கண்டார்கள். எங்கிருந்து? நம் ஜவ்வாது மலையிலிருந்து! 1977இல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிய வந்தபோது, அதைப் பார்த்த கண்களில் காவலூர்க் கண்ணும் ஒன்று.

பிறகு, அதை விடப் பெரிதாக 234 சென்டிமீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்தார்கள். அதன் கண்ணாடியைப் பெங்களூரில் நம்மவர்களே தேய்த்து மெருகேற்றினார்கள். தோலை வழவழப்பாகத் தேய்க்கிறவர்களுக்குத் தெரியும், தேய்ப்பது என்றால் என்ன பொறுமை வேண்டும் என்று. இந்தக் கண்ணாடியிலோ மயிரிழையை விட எத்தனையோ மடங்கு நுட்பமான பிசகும் கூடாது. 1986இல் அந்தத் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1982இலேயே இறந்து விட்டார்.

1988இல் காவலூரிலிருந்து ஒரு சிறு கோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு எந்த மகாராஜாவின் பெயரும் வைக்கவில்லை. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்த கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். கதையில்தான் வானத்தில் ராஜா இருக்கிறார். உண்மை வானத்தில் ஒரு குமாஸ்தா இருக்கிறார்!

இவ்வளவு பக்கத்தில் இது இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறார்கள்?

மண்ணும் சம்பளமும்

2023 ஆகஸ்ட் 23ந் தேதி சந்திரயான்-3 சந்திரனின் தென்துருவப் பக்கம் இறங்கியதை நாமெல்லாம் பார்த்தோம். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். தந்தை ரயில்வேயில் டெக்னீஷியன். சந்திரனில் கால் வைக்கும் முன் மண்ணில் பழகிப் பார்க்க வேண்டுமே! சந்திரனின் மண்ணைப் போன்ற மண் நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் கிடைக்கிறது. அந்தப் பாறையைப் பொடித்துக் கொண்டு போய்ப் பரப்பித்தான் சோதனை நடத்தினார்கள். ஆக, நம் கிராமத்து மண்ணில் பழகிய பிறகுதான் சந்திரனில் இறங்கினோம்.

அதே 2023இல் ராஞ்சியிலிருந்து இன்னொரு செய்தியும் வந்தது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குப் பெரும் இரும்புப் பாகங்கள் செய்து கொடுத்த ஆலை அங்கே இருக்கிறது: எச்.இ.சி. என்ற பொதுத்துறை ஆலை. அதன் தொழிலாளிகளுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி! ராக்கெட் மேலே போன நாளில் அவர்கள் சம்பளத்துக்காகப் போராடிக் கொண்டிருந்தார்கள். பின்வரிசைத் தோழரே, சொன்னபடி சம்பளத்துக்கு வந்து விட்டோம்!

"தட்டை யாரு செஞ்சாங்க?" என்று கேட்டால் பதில் இப்படித்தான் வரும். செய்தவர் உண்டு, அவருக்குப் பெயர் உண்டு, குடும்பம் உண்டு, சம்பள பாக்கியும் உண்டு. கேள்வியைக் கேட்காவிட்டால் ராக்கெட் தானாகப் பறந்தது போலவே தோன்றும்.

ஆகவே எங்கள் முடிவு இதுதான். "கலை அரசி"யைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். பாருங்கள், பாட்டை ரசியுங்கள், விசிலும் அடியுங்கள். ஆனால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அந்தச் சகோதரி கேட்ட கேள்வியை அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். படிக்கிற ஒவ்வொரு கதையிடமும் கேட்கட்டும்: செய்தவர் யார்? அனுபவிப்பவர் யார்? போன பெண் தானாகப் போனாளா, தூக்கிக் கொண்டு போனார்களா?

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஒரு விவசாயி விண்ணுக்குப் போய், அங்கே வயலில் குனிந்து நிற்கும் இன்னொருவரைப் பார்த்து, "உங்களுக்கு இங்கே கூலி எவ்வளவுங்க?" என்று கேட்கும் கதை தமிழிலே எழுதப்பட வேண்டும். பேரறிஞர் யாராவது எழுதுவார் என்று காத்திருக்க வேண்டாம். உங்களில் யாராவது எழுதுங்கள். எழுத்துப் பிழையோடு வந்தாலும் பரவாயில்லை. படிப்பு வட்டத்தில் சேர்ந்து உட்கார்ந்து திருத்திக் கொள்ளலாம்.

இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறீர்கள், நேரமாகி விட்டது. வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு காவலூர் போவதாகப் படிப்பு வட்டம் தீர்மானித்திருக்கிறது. பஸ் செலவைப் பங்கு போட்டுக் கொள்வோம். வர விரும்புகிறவர்கள் போகும் முன் பெயர் கொடுத்து விட்டுப் போங்கள். முதல் பெயரை அந்தச் சகோதரி தம் மகளுக்காகக் கொடுத்து விட்டார்.